‘ஜூனி கொக்குகி’யைக் குழம்பாமல் பார்க்க

நாவல் வரிசையிலிருந்து எடுக்கப்பட்ட அனிமே (ஜப்பானிய அசைபடத் தொடர்) இது. 45 எபிசோடுகள்; ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 2002-03இல் ஒளிபரப்பியது. பள்ளி மாணவி யோகோ, சீனப் புராணச் சாயல்கொண்ட பன்னிரண்டு நாடுகளின் உலகத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறாள்.

முதலில் 1-13ஐ ஒரே வாரத்தில் முடியுங்கள். தொடக்கத்தில் யோகோ அழுதுகொண்டும் யாரையும் நம்பாமலும் இருப்பாள். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள், பாவம். எலி உருவ ராகுஷுன் வரும்வரை பொறுங்கள். 14, 21, 40 மூன்றும் முன்கதைச் சுருக்கங்களே. இடைவெளி விட்டுப் பார்ப்பவர்களுக்கு மட்டும் தேவை.

பெயர்கள்தான் பெரிய தலைவலி. ஒரு தாளில் நாடு, அரசர், கிரின் என மூன்று நெடுவரிசை போடுங்கள். அரசரைத் தேர்ந்தெடுக்கும் தெய்வ விலங்கே கிரின். நாட்டின் பெயரோடு ‘கி’ சேர்ந்தால் ஆண், ‘ரின்’ சேர்ந்தால் பெண்: கெய் நாட்டுக்குக் கெய்கி. அரசர் நெறி தவறினால் கிரின் நோயுறும். அது இறந்தால் அரசரும் பிழைக்கமாட்டார். இந்த விதி புரியாவிட்டால் அரசியல் பகுதி எதுவும் பிடிபடாது.

15-20 தாய்கி என்ற சிறுவயதுக் கிரினின் கதை. அது முடிவில்லாமல் நிற்கும், மிச்சம் நாவல்களில்தான். யோகோ, பதவியிழந்த இளவரசி ஷோகெய், ஜப்பானிலிருந்து வந்த இன்னொரு பெண் சுசு மூவரும் சந்திக்கும் 23-39தான் தொடரின் உச்சம், அவசரப்படாதீர்கள். நாவலுக்குப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே யோகோ தனியாகத்தான் போகிறாள், வகுப்புத் தோழர்கள் உடன் வருவது அனிமேயின் சேர்க்கை.