சிறுவர்களுக்கான ஆவணப்படமா? திரையை விட்டுவிட்டு முகங்களைப் பாருங்கள்

படத்தை இறுதி செய்வதற்கு முன், முதல்கட்டத் தொகுப்பை ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரைக்குப் பக்கத்தில், அவர்களைப் பார்த்தபடி உட்காருங்கள். யாராவது நெளிந்தால், அடுத்த பிள்ளையிடம் பேசத் தொடங்கினால், அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 'பிடித்திருந்ததா?' என்று கேட்டால் நம் மனம் நோகக்கூடாதென்று தலையாட்டிவிடுவார்கள். உடம்புக்கு அந்த நாசூக்கு தெரியாது.

குறித்த இடங்களைத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே பின்னணிக் குரல் எதையாவது விளக்கிக்கொண்டிருக்கும். கூடு கட்டும் பறவையின் அலகிலிருந்து நார் நழுவி விழுகிறதா? அந்த இடத்தில் குரலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். பறவை அதை மறுபடி எடுக்குமா என்று பிள்ளைகளே தவிக்கட்டும். எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தரும் திருத்தம் இல்லை.

வேற்றுமொழிப் படமென்றால், வேகமாகப் படிக்க வராத சிறு பிள்ளைகளுக்கு, திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வசன வரிகளை நம்பியிருக்காதீர்கள். பெர்லின் திரைப்பட விழாவின் சிறுவர் பிரிவில், அரங்கிலேயே ஒருவர் ஜெர்மன் மொழியில் வசனங்களைப் படித்துக் காட்டுவது வழக்கம். ஒலிவாங்கியும் தெளிவான குரலும் இருந்தால் எங்கும் செய்யலாம்.

படம் முடிந்ததும் 'என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். 'எந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது?' என்று கேளுங்கள்.