ஒன்ராறியோவில் ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்கு: எந்தப் பயிற்சிப் புத்தகம் வாங்கலாம்?

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கையோடு புத்தகக் கடைக்கு ஓடுவது நம்மவர் வழக்கம். மேப்பிள் இலை போட்ட அட்டையில் ‘கனேடியப் பாடத்திட்டம்’ என்று எழுதிய தடித்த புத்தகம் அங்கே கண்ணில் படும். கனடா முழுவதற்கும் பொதுவான பாடத்திட்டம் என்று ஒன்று கிடையாது. கல்வி மாகாணங்களின் பொறுப்பு. ஒன்ராறியோ 2020இல் ஒன்று முதல் எட்டு வரையான கணிதப் பாடத்திட்டத்தைப் புதுப்பித்தது. கோடிங்கையும் சேர்த்தது, காசு நிர்வாகத்துக்கென்று தனிப் பிரிவும் வைத்தது. ஆகவே அட்டையை விட்டுவிட்டு உள்பக்கத்தில் பதிப்பாண்டைப் பாருங்கள். பெரியம்மா மகன் படித்து முடித்த பழைய புத்தகம் சும்மா கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பின்னமும் சதவீதமும் எங்கேயும் போய்விடவில்லை. அது மட்டுமே போதாது, அவ்வளவுதான்.

அமெரிக்கப் புத்தகங்கள் தரத்தில் குறைந்தவை அல்ல. ஆனால் அளவைப் பாடத்தில் அங்குலமும் இறாத்தலும் நிறைய வரும். காசுக் கணக்கிலும் இடிக்கும்: கனடா 2013இல் ஒரு சத நாணயத்தை விநியோகிப்பதை நிறுத்திவிட்டது, கையில் காசு கொடுத்தால் மொத்தத்தை ஐந்து சதத்துக்குக் கிட்ட மட்டந்தட்டுவார்கள். ஒன்ராறியோவின் 13 சதவீத விற்பனை வரியான எச்எஸ்ரியைக் கணக்கிடும் பயிற்சியும் அவற்றில் இராது.

எந்தப் புத்தகம் என்பதைவிடப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். 3/5, 5/8 இரண்டில் எது பெரிது என்று கேளுங்கள். “5/8” என்று சட்டென்று பதில் வரும். சரிதான். உடனே சந்தோஷப்படாமல் 2/3, 5/8 இரண்டையும் கொடுங்கள். மறுபடியும் 5/8 என்றால் பிள்ளை பின்னத்தைப் பார்க்கவில்லை, பெரிய இலக்கத்தைத்தான் பார்க்கிறது. முதல் விடை தற்செயலாகச் சரியாக வந்திருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு ஏழாம் வகுப்புப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது வீண். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் பின்னப் பகுதியை மட்டும் செய்யவிடுங்கள். அட்டையில் இருக்கும் ‘5’ பிள்ளைக்கு வெட்கமாக இருந்தால், பழைய பத்திரிகையால் உறை போட்டுவிடுங்கள். அடித்தளம் ஆடும் பிள்ளைகளுக்கு, ரொறன்ரோவில் ஜோன் மைட்டன் என்ற கணிதவியலாளர் தொடங்கிய ஜம்ப் மாத் நிறுவனத்தின் புத்தகங்களை நான் முதலில் சொல்வேன். ஒவ்வொரு விஷயத்தையும் சின்னச் சின்னப் படியாக உடைத்துத் தருவார்கள்.

ஊரில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளின் கதை வேறு. செய்கை நன்றாகத் தெரியும். கேள்வியின் ஆங்கிலம்தான் காலை வாரும். “எப்படி யோசித்தாய், எழுது” என்று ஆசிரியர் கேட்டாலும் முழிப்பார்கள். இவர்களுக்குப் பக்கம் பக்கமாகப் பெருக்கல் உள்ள புத்தகம் எதற்கு? வசனக் கணக்கும் விளக்கம் எழுத இடமும் உள்ளதாகப் பாருங்கள். புதுப் பாடம் ஒன்று விளங்கவில்லை என்றால், இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்மொழிக் கணிதப் புத்தகத்தை இணையத்தில் இலவசமாக எடுத்து முதலில் தமிழில் வாசிக்கவிடலாம். வட்டத்தின் பரப்பளவும் பைதகரஸ் தேற்றமும் எந்த மொழியிலும் அதேதான்.

கெட்டிக்காரப் பிள்ளைக்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். வாட்டர்லூ பல்கலைக்கழகம் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு நடத்தும் காவுஸ் கணிதப் போட்டியின் பழைய வினாத்தாள்கள் விளக்க விடைகளுடன் இலவசமாகக் கிடைக்கின்றன. 60 நிமிடம், 25 கேள்வி, 150 புள்ளி. கடைசி ஐந்து கேள்விகள் அப்பா அம்மாவையும் மண்டையைப் பிய்க்க வைக்கும். ஆறாம், ஒன்பதாம் வகுப்புகளில் வரும் ஈகியூஏஓ மாகாணப் பரீட்சைக்கும் மாதிரிக் கேள்விகள் அதன் இணையத்தளத்திலேயே இருக்கின்றன. பரீட்சை கணினியில்தான் என்பதால் அங்கேயே பழகுவது நல்லது.

வாங்குவதற்கு முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். விடை மட்டும் இருந்தால் இரவு பத்து மணிக்கு வழியைக் கண்டுபிடிக்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும். வழியும் போட்டிருந்தால் இரண்டு டொலர் கூடக் கொடுக்கலாம். ஒரே நேரத்தில் மூன்று புத்தகம் வேண்டாம். மெல்லிய ஒன்றை முடித்த பிறகு, அடுத்து எதில் தட்டுகிறது என்று வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.