சிறிய நீரடி ரோபோவுக்கு எந்த பிவிசி பைப்? தொடக்கக்காரர்களுக்கான செய்முறை

குளத்திலோ கிணற்றிலோ கடலோரத்திலோ இறக்கிப் பார்க்க ஒரு சின்ன ஆர்ஓவி (மேலிருந்து கேபிள் வழியாக இயக்கும் நீரடி ரோபோ) செய்கிறீர்கள். கேமராவும் பேட்டரியும் சர்க்யூட்டும் நனையாமல் இருக்க ஒரு காற்றுப்புகா உறை வேண்டும். கையில் எளிதாகக் கிடைப்பது பிவிசி பைப்தான். எந்தப் பைப்பை எடுப்பது, எவ்வளவு ஆழம் வரை நம்பலாம் என்பதைப் பார்ப்போம்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது ஆளில்லாத கருவிக்கு மட்டும். மனிதர் உள்ளே உட்காரும் எதற்கும் பிளாஸ்டிக் பைப்பை நினைக்கவே கூடாது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்ஐஓடி) உருவாக்கும் மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் நீர்மூழ்கியில் ஆட்கள் உட்காரும் பகுதி 80 மி.மீ. தடிமனுள்ள டைட்டானியக் கோளம். அது வேறு உலகம்.

1. பைப்பில் அச்சிட்ட எண்ணை மறந்துவிடுங்கள்

கடையில் "ஆறு கேஜி, பத்து கேஜி" என்று கேட்டு வாங்குகிறோம் அல்லவா? பத்து கேஜி என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தம். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடுகிறது. அப்படியானால் பத்து கேஜி பைப் 100 மீட்டர் ஆழம் தாங்கும் என்று கணக்குப் போடத் தோன்றும். அது தவறு.

அந்த எண் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே தள்ளுவதற்கானது. அப்போது சுவர் இழுபடுகிறது. வட்ட வடிவம் கெடுவதில்லை. நம் உறையில் அழுத்தம் வெளியிலிருந்து வருகிறது. பைப்பில் எங்காவது துளி கோணல் இருந்தால் அழுத்தம் அதை இன்னும் கோணலாக்கும். ஓர் எல்லைக்கு மேல் பைப் சட்டென்று தட்டையாக நசுங்கிவிடும். நசுங்கிய துண்டைப் பார்த்தால் மடிந்த இடம் நெடுக வெள்ளைக் கோடு ஓடியிருக்கும்.

2. தடிமனையும் விட்டத்தையும் அளந்து கணக்குப் போடுங்கள்

இந்த வேலைக்குக் காலிப்பர் (விட்டமும் தடிமனும் துல்லியமாக அளக்கும் கருவி) கட்டாயம். பைப்பின் வெளிவிட்டத்தையும் சுவர்த் தடிமனையும் மில்லிமீட்டரில் அளக்கவும். வெளிவிட்டத்திலிருந்து தடிமனைக் கழித்தால் நடுவிட்டம். இனி கணக்கு:

நசுங்கும் ஆழம் (மீட்டரில்) = 6,50,000 × (தடிமன் ÷ நடுவிட்டம்)³

நீளமான உருளை நெளிந்து நசுங்குவதற்கான சூத்திரத்தில் சாதாரண பிவிசியின் விறைப்பைப் போட்டால் இந்த 6.5 லட்சம் வருகிறது. வேறு பிளாஸ்டிக்குக்கு இதே எண்ணைப் போடாதீர்கள்.

110 மி.மீ. பைப், தடிமன் 2.5 மி.மீ. என்றால் விடை 8 மீட்டர்தான். தடிமன் 5 மி.மீ. என்றால் 70 மீட்டர்! தடிமனை இரட்டித்தால் வலிமை எட்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. விட்டத்துக்கும் இதே கதைதான். 3 மி.மீ. சுவருள்ள பைப் 110 மி.மீ. அளவில் 14 மீட்டரில் நசுங்கும், 63 மி.மீ. அளவில் 81 மீட்டர் வரை போகும். ஆகவே உள்ளே வைக்கும் சாமான்களை ஒடுக்கி அடுக்கப் பாருங்கள். ஒரு பெரிய உறையை விட இரண்டு சின்ன உறைகள் பல சமயம் நல்லது.

இந்த விடை குறையே இல்லாத வட்டப் பைப்புக்கு, கொஞ்ச நேர அழுத்தத்துக்கு உரியது. உண்மையில் பைப் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். பிவிசி நீண்ட நேரம் அழுத்தத்தில் இருந்தால் மெல்ல மெல்ல வளையும், சூட்டில் இளகும். அதனால் விடையை நாலால் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு அங்குல ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் ஒரு தரம்) பைப்புக்கு (வெளிவிட்டம் 114.3, தடிமன் 6.02 மி.மீ.) கணக்கு 110 மீட்டர் சொல்லும். நான் 28 மீட்டருக்குக் கீழே விட மாட்டேன்.

3. கடையில் பார்க்க வேண்டியவை

அடுக்கில் அடியில் கிடக்கும் பைப்புகள் மேல் பாரத்தில் முட்டை வடிவமாகியிருக்கும். வெட்டிய முனையில் மூன்று திசைகளில் விட்டத்தை அளந்து பாருங்கள். 110 மி.மீ. பைப்பில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு துண்டு கேளுங்கள். வெயிலில் கிடந்து வெளுத்ததும் வேண்டாம்.

கழிவுநீருக்கான எஸ்டபிள்யூஆர் பைப் மலிவு, ஆனால் சுவர் மெல்லியது. நடுவில் நுரை உள்ள வகையைத் தொடவே வேண்டாம். எச்டிபிஇ என்ற கறுப்புப் பாலித்தீன் பைப் உறுதியானதுதான், ஆனால் விறைப்பு பிவிசியில் மூன்றில் ஒரு பங்கு அளவே. பசையும் ஒட்டாது. கேமராவுக்கு ஒளி ஊடுருவ வேண்டும் என்றால் அக்ரிலிக் குழாய் நல்ல தேர்வு.

4. முனைகள்

பெரும்பாலான உறைகள் ஒழுகுவது இங்கேதான். 110 மி.மீ. மூடி ஒன்றின் மீது 20 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 190 கிலோ பாரம் அழுத்தும். ஒரு முனையை நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள். தட்டையான மூடியை விடக் குவிந்த எண்ட் கேப் பலமானது.

திறக்கும் முனைக்கு ஃபிளேஞ்ச் (போல்ட் துளைகளுள்ள தட்டை வளையம்) ஒன்றை ஒட்டி, அதன் முகத்தில் லேத் பட்டறையில் ஓ-ரிங் (நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) உட்காரப் பள்ளம் போட்டு வாங்குங்கள். மேலே அக்ரிலிக் தகட்டை வைத்து போல்ட் போட்டு இறுக்கவும். ஆழம் போகப் போகத் தண்ணீரே தகட்டை ஓ-ரிங் மீது அழுத்திக்கொடுக்கும். 100 மி.மீ. திறப்புக்கு 20 மீட்டர் வரை 12 மி.மீ. தகடு போதும். ஓ-ரிங்கைப் பைப்பின் உள்பக்கத்தில் உட்கார வைக்க முயலாதீர்கள். இந்தப் பைப்புகளில் கட்டுப்படுத்தப்படும் அளவு வெளிவிட்டம். உள்விட்டம் துண்டுக்குத் துண்டு மாறும்.

சால்வென்ட் சிமெண்ட் (பிவிசி பசை) போட்டு ஒட்டும்போது கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் பிடித்திருங்கள். ஒரு நாளாவது காற்றாட விடவும். அதன் ஆவி உள்ளே தங்கியிருக்கும்போது அக்ரிலிக்கைப் பூட்டினால் தகட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விழும். கேபிள் நுழையும் துளையைச் சுற்றி பிவிசியை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு எப்பாக்சி ஊற்றுங்கள்.

5. சோதனை

காற்றை அடைத்து ஒருபோதும் சோதிக்காதீர்கள். பிவிசி வெடித்தால் கூரிய சில்லுகளாகப் பறக்கும்.

எலக்ட்ரானிக்ஸ் எதையும் வைக்காமல் உறைக்குள் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்து, கல் கட்டிக் கயிற்றில் இறக்குங்கள். நீங்கள் போக நினைக்கும் ஆழத்தின் ஒன்றரை மடங்கு இருக்கட்டும், இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். மேலே எடுத்ததும் வெளியே நன்றாகத் துடைத்த பிறகே திறக்கவும். டிஷ்யூவில் எந்தப் பக்கம் ஈரம் என்று பார்த்தால் ஒழுகும் இடம் தெரியும். அப்புறம் பைப்பின் நடுவில் விட்டத்தை அளந்து, இறக்கும் முன் எழுதி வைத்த அளவோடு ஒப்பிடுங்கள். கோணல் கூடியிருந்தால் அந்தப் பைப் வேண்டாம். பைப்பின் நடுப்பகுதி வரை ஒரு கப்ளரை (இரு பைப்புகளை இணைக்கும் துண்டு) வெளிப்புறமாக நகர்த்தி ஒட்டினால் அது வளையம் போலத் தாங்கும் என்றாலும், புதுத் துண்டில் அதைச் செய்வதே சரி.

கடைசியாக எடை. 110 மி.மீ. பைப்பில் 30 செ.மீ. நீளம் ஏறக்குறைய 2.85 லிட்டர் தண்ணீரை விலக்கும். உறையும் உள்ளிருப்பதும் சேர்ந்து அத்தனை கிலோ இல்லாவிட்டால் அது மிதக்கும். மீதி எடையை ஈயமாகவோ இரும்பாகவோ ஆர்ஓவியின் சட்டகத்துக்கு அடியில் கட்டுங்கள், மேலே கட்டினால் ஆர்ஓவி தண்ணீரில் தலைகீழாகிவிடும்.