இறக்கிய பிக்கப்: குலுக்கலும் குறையணும், பாரமும் ஏற்றணும்

அமெரிக்க பிக்கப்பைப் பின்பக்கம் 4, 5 அங்குலம் இறக்கியதும் தூக்கித் தூக்கிப் போடுகிறதா? கமான் பட்டையில் ஓர் அடுக்கைக் கழற்றும் வேலை மட்டும் வேண்டாம். பாரம் தாங்குவதே அதுதான். பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில். ஆக்சில் மேலெழ இடமில்லாமல், அது சேஸ் சட்டத்தில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். ரப்பர் நுனியில் கிரீஸ் தடவி, ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலில் கிரீஸ் ஒட்டியிருந்தால் சந்தேகமே இல்லை.

ஆக்சிலுக்கு நேர் மேலே சேஸை வளைவாக வெட்டி, தடித்த இரும்புப் பிளேட்டால் பலப்படுத்தும் ‘சி-நாட்ச்’தான் இதற்கு மருந்து. பிளேட் போடாத வெட்டு, பாரம் ஏறினால் விரிசல் விடும். பழைய நீள ஷாக் அப்சார்பர் முழுக்க அமுங்கி அடிதட்டும். இறக்கிய உயரத்துக்கான குட்டையானதை மாட்டுங்கள்.

பாரத்துக்கு, பட்டையோடு துணையாக ஏர் பேக், அதாவது காற்றடைத்த ஸ்பிரிங் பை. காலி வண்டியில் 5 பிஎஸ்ஐ போதும். சுமை ஏற்றிய பிறகு, பின்பக்கம் காலி வண்டியில் இருந்த உயரத்துக்கு வரும்வரை காற்றடிக்கலாம். இரு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் போடுங்கள். ஒன்றாக இணைத்தால் திருப்பத்தில் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி சாயும். ஏர் பேக் போட்டாலும் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள எடை வரம்பு உயராது.