லேயரைப் பெரிதாக்கியே ஜூம் பிளர்: ஃபோட்டோஷாப்பில் படிப்படியாக

இரவுத் தெருவில் எதிரே வரும் சைக்கிள்காரர் மட்டும் தெளிவாக இருக்க, சுற்றியுள்ள விளக்குகள் எல்லாம் அவரிடமிருந்து கிளம்பி வெளியே பாய்வது போன்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். இதைத்தான் ஜூம் பிளர் என்பார்கள். கேமராவிலேயே இதை எடுப்பவர்கள் ஷட்டரை 1/15 நொடி அளவுக்கு மெதுவாக வைத்து, அது திறந்திருக்கும்போதே லென்ஸின் ஜூம் வளையத்தைத் திருப்புவார்கள். எடுத்து முடித்த படத்தில் இதைக் கொண்டுவர ஃபோட்டோஷாப்பில் ரேடியல் பிளர் என்ற ஃபில்டர் உண்டு. ஆனால் அந்த ஃபில்டரின் பெட்டியில் உங்கள் படம் தெரியாது, கோடுகளால் ஆன ஒரு கட்டம்தான் தெரியும், மையத்தைக் குத்துமதிப்பாகத்தான் வைக்க வேண்டும். லேயரை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாளை, நாமே பெரிதாக்கிச் செய்தால் ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தலாம்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். ஜூம் வளையம் திரும்பும்போது, சின்னதிலிருந்து பெரியது வரை காட்சியின் எல்லா அளவுகளும் ஏறக்குறைய சமமாகப் பதிகின்றன. அதனால் நமக்குத் தேவை, ஒன்றைவிட ஒன்று துளி பெரிய நிறைய பிரதிகள், எல்லாம் ஒரே பலத்தில். பலரும் பத்துப் பிரதி எடுத்து எல்லாவற்றுக்கும் ஒபாசிட்டி (லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற அளவு) 50% கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மேலே இருக்கும் லேயர் பாதியை எடுத்துக்கொள்ளும், அடுத்தது கால், அதற்கடுத்தது அரைக்கால் என்று குறைந்து, அடியில் இருப்பவை இருந்த இடமே தெரியாது. இதற்கு நல்ல வழி, பெரிதாக்குவது, ஒன்றாக்குவது, அந்த ஒன்றான லேயரை மறுபடி பெரிதாக்குவது.

சரி, ஆரம்பிக்கலாம். படத்தின் அகலத்தை 2000 பிக்சலுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லும் எண்கள் அந்த அளவுக்கானவை. இமேஜ் மெனுவில் மோட் போய் 16 பிட் ஆக்குங்கள், இல்லையென்றால் வானம் போன்ற இடங்களில் நிறம் பட்டை பட்டையாகப் பிரியலாம். கன்ட்ரோல் + ஆர் அழுத்தினால் ஸ்கேல் வரும், அதிலிருந்து ஒரு கிடைக்கோடும் ஒரு செங்குத்துக் கோடும் இழுத்து, இரண்டும் சைக்கிள்காரரின் முகத்தில் வெட்டிக்கொள்ளும்படி வையுங்கள். அதுதான் மையம்.

அப்புறம் கன்ட்ரோல் + ஜே அழுத்தி லேயரைப் பிரதி எடுங்கள். அசல் அடியில் அப்படியே இருக்கட்டும், அதைத் தொட வேண்டாம். இந்தப் புதிய லேயரில்தான் வேலை.

இப்போது முதல் சுற்று. மறுபடி கன்ட்ரோல் + ஜே அழுத்தி இன்னொரு பிரதி, உடனே அதன் அளவை மாற்ற கன்ட்ரோல் + டி. லேயரின் நடுவில் சின்ன வட்டமாக ஒரு புள்ளி தெரியும், அதை மையமாக வைத்துத்தான் லேயர் பெரிதாகும். புதிய பதிப்புகளில் அது மறைந்திருக்கும், மேல்பட்டையின் இடது ஓரத்தில் உள்ள பெட்டியை டிக் செய்தால் வந்துவிடும். அந்தப் புள்ளியை இழுத்துக் கோடுகள் வெட்டும் இடத்தில் வையுங்கள். மேல்பட்டையில் அகலம், உயரம் இரண்டும் 100.5% என்று கொடுத்து என்டர். ஒபாசிட்டி 50%. கன்ட்ரோல் + இ அழுத்தினால் கீழே உள்ள வேலை லேயரோடு சேர்ந்துவிடும்.

இதையே திரும்பச் செய்யுங்கள், அளவை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கூட்டிக்கொண்டே போங்கள்: 101, 102, 104, 108. ஒவ்வொரு சுற்றிலும் பிரதிகள் இரட்டிப்பாகின்றன, ஆக ஐந்தாவது சுற்று முடிவில் 32 பிரதிகள், எல்லாம் சம பலத்தில்! ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளியை அதே இடத்துக்கு இழுத்து வைப்பதுதான் இதில் கவனம் வேண்டிய ஒரே வேலை, ஏனென்றால் மையம் ஓரமாக இருந்தால் லேயர் பெரிதாகப் பெரிதாக அதன் நடுப்புள்ளி நகர்ந்துகொண்டே போகும். முதல் சுற்றில் ஏன் அரை சதவீதம் மட்டும்? மையத்திலிருந்து 1000 பிக்சல் தள்ளி இருக்கும் ஓரம் அதில் 5 பிக்சல்தான் நகர்கிறது, அந்த இடைவெளி கண்ணுக்கு உறுத்தாது. எடுத்தவுடனே 102 கொடுத்தால் 20 பிக்சல் நகர்ந்து, இழுப்புக்குப் பதிலாகப் படிக்கட்டு போல அடுக்கடுக்காகத் தெரியும். 4000 பிக்சல் படம் என்றால் 100.25-இல் தொடங்கி ஒரு சுற்று கூட்டிக்கொள்ளுங்கள்.

மையம் நகராததால் முகம் தானாகவே ஓரளவு தெளிவாக இருக்கும். கைகளும் ஹேண்டில்பாரும் கலங்கியிருந்தால் வேலை லேயருக்கு ஒரு மாஸ்க் (கறுப்பு தீட்டிய இடத்தில் லேயரை மறைக்கும் திரை) போட்டு, மென்மையான பிரஷ்ஷால் கறுப்பு தீட்டுங்கள், அசல் கீழிருந்து எட்டிப் பார்க்கும். அதிகம் தீட்ட வேண்டாம், வெட்டி ஒட்டியது போல ஆகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விதம். 50% வைப்பதற்குப் பதில் ஒபாசிட்டியை 100%-லேயே விட்டு, பிளெண்ட் மோடை (லேயர் கீழே உள்ளதோடு கலக்கும் விதம்) லைட்டன், அதாவது இரண்டில் வெளிச்சமானது மட்டும் தெரியும் விதம், ஆக்கிவிட்டு அதே ஐந்து சுற்றுகளைச் செய்யுங்கள். வெளிச்சம் மங்காமல் ஒவ்வொரு விளக்கும் ஒளிக்கோடாக நீளும், இருட்டு இருட்டாகவே இருக்கும். பகல் வானத்தின் முன் கறுத்து நிற்கும் மரக்கிளைகளுக்கு, இருட்டானது மட்டும் தெரியும் டார்க்கன். அகலம், உயரத்துக்கு நடுவில் உள்ள சங்கிலிக் குறியை எடுத்துவிட்டு உயரத்தை மட்டும் கூட்டினால், தண்ணீரில் விழும் விளக்கு நிழல்கள் மேலும் கீழுமாக மட்டும் இழுபடும்.