ஜவ்வரிசிக் கஞ்சியில் ஒரு பேய்: வீட்டு ஹாலில் ஹாலோவீன்

அக்டோபர் 31 வந்தால் எங்கள் அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்கு ஹாலோவீன் வேண்டும், பேய் வேஷம் கட்டிக் கொண்டாடும் மேல்நாட்டுப் பண்டிகை. சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் ஹால்தான் மூன்று வருடமாகப் பேய் பங்களா. முதல் வருடம் ரப்பர் முகமூடி, பிளாஸ்டிக் எலும்புக்கூடு, சிலந்தி என்று வாங்கிக் குவித்தேன். ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் எலும்புக்கூட்டின் கையைப் பிடித்துக் குலுக்கி, "சாப்டீங்களா அங்கிள்?" என்றான். பொம்மை நிறைய இருந்தால் திருவிழாக் கடைதான். ஒரே ஒரு பேய் போதும், அதுவும் பாதிதான் தெரிய வேண்டும்.

1. பேய் (29-ம் தேதியே ஆரம்பியுங்கள்)

மருந்துக் கடையில் காஸ் துணி என்று கேளுங்கள். காயத்துக்குக் கட்டுப் போடுவார்களே, அந்த வலைத் துணி. இரண்டு மீட்டர் போதும். விறைப்புக்கு ஜவ்வரிசி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு, சேலத்துக்காரர்கள் பசை டப்பா வாங்குவது நியாயமில்லை.

கால் கப் ஜவ்வரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மூன்று கப் தண்ணீரில் முத்து கரையும்வரை கிண்டுங்கள். வடாம் கூழ் அளவுக்கு இறுக விடாமல், கரண்டியிலிருந்து நூலாக ஒழுகும்போதே இறக்கி வடிகட்டுங்கள். கைப்பழக்கத்தில் உப்பைப் போட்டுவிடாதீர்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், துணி விறைக்காது.

இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மேலே தலையளவு பலூனை டேப் போட்டு ஒட்டுங்கள். கம்பி ஹேங்கரை வளைத்துக் கட்டினால் தோள். எல்லாவற்றின் மேலும் பாலித்தீன் கவரைச் சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் துணி ஒட்டிக்கொண்டு வராது. காஸ் துணியைக் கஞ்சியில் முக்கி, லேசாகப் பிழிந்து, இரண்டு மூன்று அடுக்காகப் போர்த்துங்கள். கீழ்நுனி தரையில் படிந்து விரிய வேண்டும், அதுதான் பேய்க்குக் கால். ஓரத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். நூல் தொங்கினால்தான் பழசாகத் தெரியும்.

இனி ஃபேனுக்கு அடியில் முழுசாக இரண்டு நாள். இது வடகிழக்குப் பருவமழைக் காலம். இரண்டாம் வருடம் நான் 30-ம் தேதி ராத்திரி செய்தேன், விடிய விடிய மழை. மறுநாள் சாயங்காலம் பலூனை உடைத்ததும் தலை தோளுக்குள் இறங்கி, பஸ்ஸில் தூங்கும் தாத்தா மாதிரி நின்றது. தொட்டால் அப்பளம்போல் இருந்தால்தான் பலூனில் கை வைக்க வேண்டும். அதையும் படாரென்று உடைக்காமல், முடிச்சுப் பக்கம் டேப் ஒட்டி அதன்மேல் ஊசியால் குத்தினால் மெதுவாகச் சுருங்கும்.

2. வெளிச்சம்

ட்யூப்லைட்டை அணையுங்கள். சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்றை, சூடாகாத எல்இடியாகப் பார்த்து, பேய்க்கு முன்னால் தரையில் வையுங்கள். வெளிச்சம் மேலிருந்து வந்துதான் நம் கண்ணுக்குப் பழக்கம். கீழிருந்து வந்தால் தெரிந்த முகம்கூட யாரோ மாதிரி ஆகிவிடும். பல்பைப் பேய்க்கு அருகே நகர்த்த நகர்த்த, பின்சுவரில் நிழல் வளரும். நிழலின் தலை கூரையில் மடங்கி நம் பக்கம் குனிகிற இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள்.

மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், இந்தத் துணி ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும். நடக்கிற வழியில் ஒயர் கிடக்கக் கூடாது.

3. அரசாணிக்காய் (பரங்கிக்காய்தான்)

ஹாலோவீன் முக விளக்குக்கு அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்தார்கள், அமெரிக்கா போனதும் அது பரங்கிக்காய் ஆனது. நம் ஊரில் திருஷ்டிப் பூசணிக்கு மீசையும் பல்லும் வரைவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதே முகத்தை வெட்டுங்கள். மூடியை மேலே வெட்டாமல் அடியில் வெட்டினால், எல்இடி விளக்கின் மேல் அப்படியே கவிழ்க்கலாம். அன்றைக்கே வெட்டுங்கள். முன்னாடியே வெட்டினால் பூஞ்சை பிடிக்கும். சதையைப் புளிக்குழம்பு வையுங்கள்.

4. சத்தமும் வாசனையும்

யூடியூப் அலறல் சத்தத்துக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நம் பேய்க்கு வேண்டியது கொலுசு. ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசை நூலில் கட்டிப் பக்கத்து அறையில் தொங்கவிட்டு, நூல் நுனியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை இழுத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் நெருங்கி உட்காருவார்கள். கதவுக்குப் பின்னால் இரண்டு முழம் மல்லிகைப்பூ. யாரும் பார்க்கக் கூடாது, வாசனை மட்டும் வர வேண்டும்.

புகைக்கு உலர்பனி எல்லாம் வேண்டாம், மூடிய அறையில் அது மூச்சுக்கு ஆபத்து. யாருக்கும் வீசிங் இல்லையென்றால், பிள்ளைகள் வருவதற்கு முன் கொஞ்சம் சாம்பிராணி போட்டு வெளியே எடுத்துவிடுங்கள். ஏற்காட்டில் வீடு என்றால் இந்தக் கவலையே இல்லை. மழை விட்ட சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பனிமூட்டம் தானாக உள்ளே வந்து உட்காரும்.

5. சாப்பாடு

தட்டுவடை செட், அதாவது இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காய்த் துருவலும் வைத்த சேலத்துத் தீனி. பீட்ரூட் துருவலைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் ரத்த வாய். இரண்டு தேங்காய்ச் சில்லைச் செருகினால் கோரைப் பல்.

6. மறுநாள்

பேயை ஷோகேஸில் வைக்கப் பிள்ளைகள் கெஞ்சுவார்கள். காலையிலேயே வெளியே போட்டுவிடுங்கள். கஞ்சி வாசத்துக்குக் கரப்பான் வரும்.