புதுத் தோட்டாவுக்கு மாறலாமா: முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய கணக்கு

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் புதிதாகச் சுட வருபவர்களுக்கு 20 வருடமாகப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்துவருகிறேன். சந்தைக்குப் புதுத் தோட்டா ஒன்று வந்தால் போதும், யாராவது ஒருவர் அதன் வேகமும் குண்டு எடையும் போட்ட அட்டவணையை நீட்டிக்கொண்டு, "அண்ணே, பழசை வித்துட்டு இதுக்கு மாறிடலாமா?" என்று கேட்பார். கையில் இருக்கும் தோட்டாவின் அட்டவணையையும் எடுத்துவரச் சொல்வேன். இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் விஷயம் தெளிந்துவிடும்.

முதலில் கூட்டையும் (வெடிமருந்தை அடைத்திருக்கும் உலோக உறை) அதன் முனையில் செருகியிருக்கும் குண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கூட்டின் பெயர். காற்றைக் கிழித்துக்கொண்டு போவது குண்டு. புதியதில் நீளமான, கூர்மூக்குக் குண்டும், பழையதில் மொண்ணைக் குண்டும் வைத்து ஒப்பிட்டால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஒரே விட்டம், ஒரே எடை, ஒரே வடிவக் குண்டு இரண்டிலும் இருக்கும் வரிகளை மட்டும் எடுங்கள். பாதி ஆச்சரியம் இங்கேயே கரைந்துவிடும்.

அடுத்து, மருந்து எரியும்போது கூட்டுக்குள் எழும் அழுத்தம். 1890-களில் வந்த 6.5x55 ஸ்வீடிஷ் தோட்டாவின் கூட்டில், அதே விட்டக் குண்டுள்ள புதுத் தோட்டாவான 6.5 கிரீட்மூரைவிட அதிக மருந்து பிடிக்கும். ஆனாலும் பல அட்டவணைகளில் கிரீட்மூர்தான் வேகமாகத் தெரியும். அமெரிக்கத் தரப்படி ஸ்வீடிஷின் உச்ச அழுத்தம் 51,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), கிரீட்மூருக்கு 62,000. பழங்காலத் துப்பாக்கிகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் ஸ்வீடிஷின் எல்லையைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். கூட்டின் மேல் குறை ஒன்றும் இல்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் பழைய துப்பாக்கியில் மருந்தைக் கூட்டிப் போட வேண்டாம். அட்டவணையின் எல்லை எல்லைதான்.) அட்டவணை வேகத்தை எந்த நீளக் குழலில் அளந்தார்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் 24 அங்குலம், சிலவற்றில் 26. உங்கள் குழல் 20 அங்குலம் என்றால் அந்த வேகம் உங்களுக்குக் கிடைக்காது.

மூன்றாவதாகக் குழலின் ட்விஸ்ட். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்பதே கணக்கு. குண்டு நீள நீள, அதை நேராகப் பறக்கவைக்கச் சுழற்சியும் கூட வேண்டும். 1955-ல் .243 வின்செஸ்டரும் .244 ரெமிங்டனும் ஒரே 6 மில்லிமீட்டர் விட்டத்தில் வந்தன. ரெமிங்டனின் கூட்டில்தான் மருந்து சற்று அதிகம் பிடிக்கும். ஆனால் அதன் குழல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 90 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். .243-ல் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 100 கிரெய்ன் குண்டும் நேராகப் போனது. மான் வேட்டைக்காரர்கள் அதன் பக்கம் சாய்ந்தார்கள். 1963-ல் ரெமிங்டன் 9 அங்குல ட்விஸ்ட் கொடுத்து, 6 எம்.எம். ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றியது. ஆனாலும் .243-ஐ எட்டிப்பிடிக்க முடியவில்லை.

சரி, புதியதில் உண்மையான முன்னேற்றமே இல்லையா? இருக்கிறது. 1997-ல் வந்த .260 ரெமிங்டனையும் அதற்குப் பத்து வருடம் கழித்து வந்த கிரீட்மூரையும் ஒரே குண்டோடு மேஜையில் நிறுத்திப் பாருங்கள். கிரீட்மூரின் கூடு சுமார் 3 மில்லிமீட்டர் குட்டை. இரண்டும் போக வேண்டிய மேகசின் (துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) ஏறக்குறைய 71 மில்லிமீட்டர்தான். நீளக் குண்டை .260-ல் வைத்தால், மேகசினுக்குள் அடக்க அதைக் கூட்டுக்குள் ஆழமாக அமுக்க வேண்டும். குண்டின் அடி மருந்தின் இடத்தைத் தின்றுவிடும். கிரீட்மூரில் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்க இடம் இருக்கிறது. கூடவே 8 அங்குல ட்விஸ்டும் வழக்கமாக வந்துவிடுகிறது. வேகத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எல்லாம் பொருந்தி, கடையில் வாங்கிய தோட்டாவே நன்றாகச் சுடுகிறது என்பதுதான் கிரீட்மூரின் பலம். நான் அதைப் பெரிதாகவே மதிக்கிறேன்.

உங்கள் தூரத்தில் அந்தப் பலம் எவ்வளவு என்று அறிய ஒரு எளிய கணக்கு. காற்றுத் தடையே இல்லாவிட்டால் குண்டு இலக்கை எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? தூரத்தை வாய் வேகத்தால் (குழல் முனையை விட்டுக் கிளம்பும் வேகம்) வகுத்தால் கிடைக்கும். உண்மையில் எடுக்கும் நேரத்தை, குண்டின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் ஆப் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்குங்கள். குண்டு அவ்வளவு தூரம் ஒதுங்கும். உதாரணமாக 500 மீட்டர் தூரம், நொடிக்கு 820 மீட்டர் வேகம்: தடையில்லாமல் 0.61 நொடி. உண்மையில் 0.72 என்றால் வித்தியாசம் 0.11. நொடிக்கு 4 மீட்டர் காற்றில் 44 சென்டிமீட்டர் ஒதுக்கம். இரண்டு தோட்டாவுக்கும் இதைப் போட்டு, கழித்துப் பாருங்கள்.

அந்த வித்தியாசத்தை உங்கள் குரூப்போடு, அதாவது ஒரே குறியில் சுட்ட குண்டுகள் இலக்கில் பரவும் அகலத்தோடு, ஒப்பிடுங்கள். மூன்று குண்டு சுட்டு எடுத்த குரூப்பை நம்பாதீர்கள். அதே துப்பாக்கி, அதே கை, பத்து குண்டு சுட்டால் குரூப் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும்.

சுடும்போது துப்பாக்கி தோளில் இடிக்கும் உதைப்பை மறக்கக் கூடாது. என் அக்கா மகள் பலமாக உதைக்கும் .30-06 தோட்டாவில் சுடப் பழகினாள். ஒரு நாள் அவளுக்குத் தெரியாமல் மேகசினில் வெடிக்காத டம்மி தோட்டா ஒன்றைக் கலந்து வைத்தேன். டிரிகரை இழுத்ததும் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. குழல் முனையோ ஒரு விரல்கடை கீழே இறங்கியது. உதைப்பை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே தள்ளியிருக்கிறது. 6.5 கிரீட்மூருக்கு மாறிய பிறகு குண்டு மண்மேட்டில் படுவதை ஸ்கோப் வழியாக அவளே பார்த்து, "மாமா, வலது பக்கம் போச்சு" என்று சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு அந்த மாற்றம் தேவைப்பட்டது. நான்தான் வாங்கச் சொன்னேன்.

பெரிய மேக்னம் (மருந்து அதிகம் பிடிக்கும் வேகத் தோட்டா) என்றால் குழலின் ஆயுளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னத் துளையில் நிறைய மருந்து எரிந்தால், குண்டு குழலுக்குள் நுழையும் தொண்டைப் பகுதி சீக்கிரம் அரிக்கும். .308 குழல் பல ஆயிரம் குண்டு தாங்கும். வேகமான மேக்னத்திடம் அதை எதிர்பார்க்க முடியாது.

கடைசியாகக் கேட்டு வந்தவரிடம் இருந்தது .308. அவர் சுடுவதோ 300 மீட்டர் வரைதான். கணக்குப் போட்டோம். மிதமான காற்றில் 6.5 கிரீட்மூருக்கும் அவருடைய தோட்டாவுக்கும் ஒதுக்கத்தில் 6 சென்டிமீட்டர் வித்தியாசம். அவருடைய பத்து குண்டு குரூப் 14 சென்டிமீட்டர். அட்டவணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, .308-க்கே இன்னும் நான்கு பெட்டித் தோட்டா வாங்கிப் போனார்.